நூலகம் கட்டும் முன்: 844 புத்தகங்களில் தொடங்கிய ஒரு பாடம்



கிளென்மார்கனில் பொது நூலகம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு நம்மிடையே கொஞ்ச நாளாக நடக்கிறது. ஜும்ஆ முடிந்து வெளியே நிற்கும்போதும் பேசுகிறோம், கல்யாண வீட்டுப் பந்தியிலும் பேசுகிறோம். ஒருவர் ஆர்வத்தில் வரைபடமே போட்டுக் கொண்டுவந்து காட்டினார். அதில் மாடி இருந்தது, மாடிக்குப் படி இருந்தது, வாசலில் நன்கொடையாளர் பெயர்களுக்குக் கல்வெட்டு வைக்க இடமும் இருந்தது. தினமும் அந்தக் கதவை யார் திறப்பார் என்பது மட்டும் எங்கும் இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பாடத்தை எழுத வேண்டும் என்று தோன்றியது.

நூலகம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. நம் பிள்ளைகள் ஊட்டிக்குப் பஸ் ஏறிப் போய் ஒரு புத்தகம் எடுத்துத் திரும்புவதற்குள் அரை நாள் போய்விடுகிறது. லைன் வீட்டில் ஒரே விளக்கு, ஒரே அறை. அதில் அம்மா சமைக்கிறாள், தம்பி அழுகிறான், பத்தாம் வகுப்புப் பிள்ளை படிக்க வேண்டும். நம் ஊர்த் தண்ணீர் மலையிறங்கிச் சிங்காராவில் 1932 முதல் மின்சாரமாகிறது. ஆனால் இங்கே மழைக்காலத்தில் கரண்ட் போனால் எப்போது வரும் என்று தெரியாது. வெளிச்சமும் மேசையும் அமைதியும் உள்ள ஓர் அறை நம் பிள்ளைகளுக்குத் தேவை என்பதில் இரண்டு கருத்து இல்லை. எதை முதலில் செய்வது என்பதுதான் கேள்வி. அதற்கு முன்பே செய்து பார்த்தவர்களிடம் கேட்போம்.

யாழ்ப்பாணத்தில் ஒரு வாடகை அறை

யாழ்ப்பாணப் பொது நூலகத்தைப் பற்றிப் பலரும் அறிந்தது அது எரிந்த கதைதான். 1981 மே 31 இரவு தொடங்கி மூட்டப்பட்ட தீயில் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. ஆனால் அது எப்படி உருவானது என்ற கதையை நம்மில் பலர் கேட்டதில்லை. சிறிய ஊரில் நூலகம் தொடங்க நினைப்பவர்களுக்கு வேண்டியது அந்த முன்பாதிக் கதை.

1933-இல் கே. எம். செல்லப்பா என்பவர் தம் சொந்த வீட்டிலேயே புத்தகங்களை வைத்து, கேட்டவர்களுக்குப் படிக்கக் கொடுக்க ஆரம்பித்தார். தனி ஒருவரால் ஆகிற காரியம் இல்லை என்று கண்டு, ஊருக்கு ஓர் இலவசத் தமிழ் நூலகம் வேண்டும் என்று அறிக்கை விட்டார். ஊரில் படித்தவர்களும் பெரியவர்களும் கூடினார்கள். 1934 ஜூனில் கூட்டம் போட்டுக் குழு அமைத்தார்கள். ஆகஸ்ட் முதல் தேதியே நூலகம் திறந்தாகிவிட்டது. கட்டடம் ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரி வீதியில் ஒரு வாடகை அறை, 844 புத்தகங்கள், சில பத்திரிகைகள், அவ்வளவுதான். கூட்டத்துக்கும் திறப்புக்கும் நடுவே இரண்டு மாதம்கூட முழுதாக இல்லை.

அடுத்த ஆண்டே, 1935-இல், அதை நகரசபை பொறுப்பேற்றது. இது முக்கியமான இடம். தொடங்கியவர்கள் 'எங்கள் நூலகம், நாங்களே வைத்துக்கொள்வோம்' என்று இறுக்கிப் பிடிக்கவில்லை. தாங்கள் இல்லாத காலத்திலும் நடக்க வேண்டுமென்றால், வரியும் ஊழியரும் உள்ள ஒரு சபையின் கையில் அது இருக்க வேண்டும் என்று உணர்ந்து கொடுத்தார்கள்.

பெரிய கட்டடம் எப்போது வந்தது? 1959-இல். வாடகை அறைக்கும் அந்த வெள்ளை மாளிகைக்கும் நடுவே 25 ஆண்டுகள். அந்த 25 ஆண்டுகளும் நூலகம் ஏதோ ஓர் இடத்தில் இயங்கிக்கொண்டேதான் இருந்தது. வாசகர்கள் பெருகினார்கள், இடம் போதவில்லை, அப்போதுதான் கட்டடம் தேவைப்பட்டது. விழா நடத்தியும் நன்கொடை திரட்டியும் பணம் சேர்த்தார்கள். சென்னையிலிருந்து கட்டடக் கலைஞர் நரசிம்மன் வரைபடம் போட்டார். ஆலோசனை சொன்னவர் சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன்.

தீயில் போன பிறகும் அந்த நூலகம் மீண்டு வந்து, இப்போது இயங்குகிறது. மீண்டும் எழுப்ப வேண்டும் என்ற கோரிக்கை இருபது ஆண்டுகள் அணையாமல் இருந்ததற்குக் காரணம் சுவர் அழகாக இருந்தது என்பதா? அங்கே உட்கார்ந்து படித்தவர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள் என்பதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இதற்கு நேர்மாறான காட்சியை நம் தமிழ்நாட்டிலேயே பார்க்கலாம். அனைத்து கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் 2006 முதல் 2011 வரை 12,618 ஊராட்சிகளுக்கும் நூலகம் என்று கட்டடங்கள் எழும்பின. நல்ல நோக்கம், நல்ல பணம். பல ஊர்களில் அவை நன்றாக நடந்தன. இன்னும் பல ஊர்களில் சில ஆண்டுகளிலேயே பூட்டுத் தொங்கியது. திறந்து வைக்க ஆள் இல்லை, இருந்த ஆளுக்குக் கொடுத்த தொகை போதவில்லை, புதுப் புத்தகம் வரவில்லை. அரசாங்கத்துக்கே இந்தச் சிரமம் என்றால், சந்தா பிரித்து நடத்தப்போகிற நாம் எவ்வளவு யோசிக்க வேண்டும்!

வாசகரிலிருந்து தொடங்குவது

மேலே சொன்ன ரங்கநாதன் கணித ஆசிரியர். கொஞ்ச காலம் நமக்குக் கீழே கோயம்புத்தூர் அரசுக் கல்லூரியிலும் பாடம் நடத்தியவர். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். 1931-இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் எழுதினார். உலகம் முழுக்க இன்றும் அவைதான் பாடம். அவற்றின் சாரத்தை நம் பேச்சில் சொல்வதானால்: புத்தகம் பூட்டி வைக்க அல்ல, புழங்கத்தான். வருகிற ஒவ்வொருவருக்கும் அவருக்கு உதவும் புத்தகம் கிடைக்க வேண்டும். இருக்கிற ஒவ்வொரு புத்தகமும் அதற்குரிய ஆளைப் போய்ச் சேர வேண்டும். வருகிறவரின் நேரத்தை வீணாக்கக் கூடாது. நூலகம் ஒரு நாளும் முடிந்துபோகாது, உயிருள்ள பொருளைப் போல வளர்ந்துகொண்டே இருக்கும்.

முதல் விதி கேட்கச் சாதாரணமாக இருக்கிறது. ஆனால் இதில்தான் நம்மவர்கள் அதிகம் சறுக்குகிறோம். நன்கொடையாக வந்த புத்தகத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியை ஒருவர் பையில் போட்டுக்கொண்டு ஊருக்குப் போய்விடுவது நாம் பார்க்காததா? ரங்கநாதன் இதைச் சுவரோடு நிறுத்தவில்லை. நூலகம் எந்த இடத்தில் இருக்க வேண்டும், எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும், அலமாரி எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரே விதியிலிருந்து பிறக்கும் என்று காட்டினார்.

அவர் எழுதிய அதே 1931-இல், அக்டோபர் மாதம், மன்னார்குடிப் பக்கம் மேலவாசலில் ஒரு மாட்டு வண்டி புறப்பட்டது. கனகசபைப் பிள்ளை என்ற பொறியாளர் வண்டிக்குள் புத்தகத் தட்டுகள் அமைத்துக் கொடுத்திருந்தார். ஊர் ஊராகப் போய்ப் புத்தகம் கொடுத்து, அடுத்த முறை வரும்போது திரும்ப வாங்கிக்கொள்ளும் நூலகம் அது. சிதறிக் கிடக்கும் நம் லைன்களுக்கு இது மிகவும் பொருந்தும். ஒரு லைனுக்கும் இன்னொரு லைனுக்கும் நடுவே ஏற்ற இறக்கம், மூடுபனி, சாயங்காலமானால் காட்டெருமை. ஐந்து வயதுப் பிள்ளையை நூலகத்துக்கு நடந்து வா என்று எப்படிச் சொல்வது? வாரம் ஒரு நாள் ஜீப்பில் முப்பது புத்தகம் போட்ட ஒரு தகரப் பெட்டியை அந்த லைனில் இறக்கிவிட்டு, அங்கே ஒரு பெண்மணியிடம் ஒரு நோட்டுப் புத்தகமும் கொடுத்துவிட்டால் போதும். அந்த லைனுக்கு நூலகம் வந்தாகிவிட்டது.

இடமும் நேரமும்

இடம் பற்றிப் பேசும்போது, இருக்கிற காலி இடம் எது என்று மட்டும்தான் பேசுகிறோம். ஆட்கள் தினமும் எங்கே கடந்து போகிறார்கள் என்றல்லவா முதலில் பார்க்க வேண்டும்? பஸ் நிற்கும் இடம், பள்ளிக்கூடப் பாதை, கொழுந்து எடை போடும் இடம், ரேஷன் கடை. இவற்றில் இரண்டு சேரும் முனையில் ஒரு சின்ன அறை, ஒதுக்குப்புறத்தில் இருக்கும் பெரிய கட்டடத்தைவிட மேல்.

நேரமும் அப்படித்தான். காலை பத்து முதல் ஐந்து வரை திறந்தால் யார் வருவார்கள்? பெரியவர்கள் தோட்டத்தில், பிள்ளைகள் பள்ளியில். பள்ளி விட்ட பிறகு நான்கு மணி முதல் ஏழு மணி வரை, ஞாயிற்றுக்கிழமை முழு நாள் என்று வைத்தால் அறை நிறையும். மஃக்ரிபுக்கு இருபது நிமிடம் இடைவெளி விட்டுக்கொள்ளலாம். பெண்பிள்ளைகள் வீடு திரும்பும்போது இருட்டிவிடும் என்பதால், லைன் வாரியாக இரண்டு தாய்மார்கள் முறைபோட்டு வந்து கூட்டிப் போவதையும் திட்டத்திலேயே எழுதிவிட வேண்டும். 'அதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று விட்டால், முதல் மாதத்திலேயே பெண்பிள்ளைகளின் வருகை நின்றுவிடும்.

அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? மூன்றடி அகலத்தில் ஆறு தட்டுள்ள இரும்பு ரேக் ஒன்றில் சுமார் 180 புத்தகங்கள் அடங்கும். 2,000 புத்தகங்களுக்குப் பதினொன்று அல்லது பன்னிரண்டு ரேக். உட்கார்ந்து படிக்கும் ஒருவருக்கு மேசை, நாற்காலி, நடக்கும் வழி எல்லாம் சேர்த்து 25 சதுர அடி வேண்டும். பதினாறு பேர் உட்கார 400 சதுர அடி, ரேக்குகளுக்கு இன்னொரு 200. ஆக 600 சதுர அடி நம் ஊருக்குப் பல ஆண்டுகளுக்குப் போதும். ஐந்நூறு புத்தகத்தோடு தொடங்கினால் இதில் பாதி அறையே போதும். பிள்ளைகளுக்கான புத்தகங்கள் கீழ்த் தட்டில் இருக்கட்டும், அவர்களே எடுத்துப் பார்க்கட்டும். கிழிந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.

மாடியில் நூலகம் வைக்கும் யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். புத்தகம் கனமான பொருள். நிறைந்த ஒரு ரேக் ஏறக்குறைய 150 கிலோ எடை. வீட்டுக்குப் போடும் கான்கிரீட் தளத்தைப் பொறியாளரிடம் கேட்காமல் அப்படி நிரப்பக் கூடாது. தவிர, முழங்கால் வலிக்கும் நம் பெரியவர்கள் படியேறி வரவே மாட்டார்கள்.

நம் மலையின் ஈரம்

சமவெளியில் நூலகம் நடத்துகிறவர்களுக்கு இல்லாத தொல்லை நமக்கு ஒன்று உண்டு. ஜூனில் பிடித்தால் மாதக்கணக்கில் காயாத ஈரம். நான் ஒருமுறை என் அத்தாவுடைய பழைய புத்தகங்களைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி மரப்பெட்டியில் வைத்தேன். மழை முடிந்து திறந்தால் பாதிப் புத்தகங்களில் சாம்பல் நிறப் பூஞ்சணம், தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. பத்திரம் என்று நினைத்துச் செய்ததே கெடுத்தது. உள்ளே இருந்த ஈரம் வெளியே போக வழியில்லை.

பூஞ்சணத்துக்கு வேண்டியது ஈரமும் அசையாத காற்றும். காற்றின் ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் அது முளைத்துவிடும். அதனால் கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியைவிடத் திறந்த இரும்பு ரேக்தான் நமக்கு நல்லது. ரேக் சுவரைத் தொடாமல் ஒரு சாண் தள்ளியும், கீழ்த் தட்டு தரையிலிருந்து அரையடி உயர்ந்தும் இருக்க வேண்டும். புத்தகங்களை நெருக்கி அடைக்கக் கூடாது. வெயில் வரும் நாளில் நடுப்பகலில் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, மூடுபனி இறங்கும் முன் மூடிவிட வேண்டும். ஈரமான புத்தகத்தை உச்சி வெயிலில் காயப் போட்டால் அட்டை வளைந்துவிடும். நிழலில், காற்றோட்டத்தில் விரித்து நிறுத்தி வைப்பதே சரி. பூஞ்சணம் பிடித்த புத்தகம் நன்கொடையாக வந்தால், அதை மற்றவற்றோடு சேர்க்காமல் தனியே வைத்துத் துடைத்து உலர்த்திய பிறகே ரேக்கில் ஏற்ற வேண்டும். ஒரு புத்தகம் ஒரு வரிசையைக் கெடுத்துவிடும். பூச்சிக்கு நம் பாட்டிமார்கள் வைத்த வசம்பும் வேப்பிலையும் ஓரளவு உதவும். அவற்றைவிட உதவுவது வாரம் ஒரு முறை துடைக்கிற துணி.

குளிருக்காக யாராவது கரியடுப்பைக் கொண்டுவந்து வைப்பார்கள். ஜன்னல் மூடிய அறையில் கரியடுப்பு உயிரையே எடுத்துவிடும். மலையில் இருக்கும் நாம் அப்படிப்பட்ட செய்திகளைக் கேட்காதவர்கள் அல்ல. அது நூலகத்துக்குள் எந்த நாளும் வரக்கூடாது என்று விதிகளில் எழுதிவிடுங்கள்.

என்றைக்காவது கட்டடம் கட்டும் நாள் வந்தால், இன்ஷா அல்லாஹ், அப்போதும் ஈரமும் சரிவும்தான் முதல் கேள்வி. மலையை வெட்டி இடம் எடுத்தால், வெட்டிய பக்கத்துச் சுவரில் நீர் கசிந்துகொண்டே இருக்கும்; புத்தக ரேக்குகள் அந்தச் சுவரில் சாயக் கூடாது. தடுப்புச் சுவரில் நீர் வெளியேற ஓட்டைகளும், மேல் பக்கம் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்காலும் இல்லாமல் அஸ்திவாரமே போடக்கூடாது. 2009 நவம்பரில் நீலகிரியில் சரிந்த மண் எத்தனை குடும்பங்களை எடுத்துப் போனது என்பது நமக்கு மறக்கவில்லை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மலைப்பகுதிக்கென்று 1993-இல் வந்த தனிக் கட்டட விதிகள் இருக்கின்றன. மண் தள்ளும் இயந்திரம் இறக்கவும் மாவட்ட நிர்வாகத்திடம் முன் அனுமதி வேண்டும். அனுமதி வாங்காமல் எழுப்பிவிட்டுப் பிறகு அலைவதற்கு, அறக்கட்டளைப் பணம் யாருடைய சொந்தப் பணமும் அல்ல. எஸ்டேட் இடமாக இருந்தால், மேனேஜர் தலையசைத்தது போதாது, எழுத்தில் வேண்டும். மேனேஜர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

பணம் எங்கிருந்து, எத்தனை காலம்

நாம் ஏற்கெனவே நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம் என்று சொன்னால் சிலர் நம்புவதில்லை. வீட்டுவரி ரசீதை எடுத்துப் பாருங்கள். வரியில் ஒவ்வொரு ரூபாய்க்கும் 10 காசு நூலக வரி. 1948-இல், டி. எஸ். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்தில் இருந்து வருவது இது. சுதந்திர இந்தியாவில் முதல் நூலகச் சட்டமும் அதுவே. அதன் பின்னால் நின்றவரும் ரங்கநாதன்தான். அந்த வரி மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குப் போகிறது. கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று மூன்று படிகளில் அவர்கள் நடத்துகிறார்கள். மக்கள்தொகை, சேரும் உறுப்பினர்கள், வாடகையில்லாமல் கிடைக்கும் இடம் இவற்றைப் பார்த்து முடிவெடுப்பார்கள். ஆகவே நம் முதல் வேலைகளில் ஒன்று ஊட்டியில் மாவட்ட நூலக அலுவலரைப் போய்ப் பார்த்து மனுக் கொடுப்பது. நாம் இடம் தருகிறோம், நூறு பேர் உறுப்பினராகச் சேர்கிறோம் என்று கையெழுத்தோடு போனால், அந்த மனுவுக்குக் கனம் இருக்கும். 1972 முதல் கொல்கத்தாவில் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளையும் பொது நூலகங்களுக்குப் புத்தகமும் ரேக்கும் வாங்க உதவுகிறது. ஆனால் அவர்கள் உதவுவது நடந்துகொண்டிருக்கும் நூலகத்துக்கு. பதிவும் கணக்கும் கேட்பார்கள். இங்கேயும் பாருங்கள், முதலில் நடத்திக் காட்ட வேண்டியிருக்கிறது.

நாமே நடத்தும் காலத்துக்கு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாலையில் மூன்று மணி நேரம் இருக்கும் பொறுப்பாளருக்கு மாதம் 5,000 ரூபாய், இரண்டு தமிழ் நாளிதழுக்கு 600, கரண்டுக்கு 500, புதுப் புத்தகத்துக்கும் ஒட்டுத் தைப்புக்கும் 3,000. மொத்தம் 9,100. அறுபது குடும்பங்கள் மாதம் 150 ரூபாய் கொடுத்தால் 9,000. நூறு ரூபாய்தான் குறையும். இதை ஒரு வருடம் தவறாமல் பிரிக்க முடிந்தால் நமக்கு நூலகம் நடத்தத் தெரியும் என்று பொருள். ஆறாம் மாதமே தொய்ந்துவிட்டால், லட்சக்கணக்கில் கட்டடம் எழுப்பாமல் தப்பித்தோம் என்று பொருள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜகாத் பணத்தை எடுத்து நூலகச் சுவர் எழுப்பக் கூடாது என்பதுதான் பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் நிலை. அது உரியவர்களின் கையில் சேர வேண்டிய ஹக். நூலகத்துக்கு ஸதகாவும் வக்ஃபும்தான் வழி. சந்தேகம் இருந்தால் நம் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வக்ஃப் இடத்தில் அறை எடுப்பதானால் வக்ஃபு வாரியத்திடமும் கேட்டுச் செய்வதே முறை.

வக்ஃப் நூலகங்கள் நம் முன்னோர்களுக்குப் புதிதல்ல. 1891-இல் பாட்னாவில் குதா பக்ஷ் தம் தந்தை விட்டுச்சென்ற கையெழுத்துப் பிரதிகளோடு தாம் சேர்த்தவற்றையும் சேர்த்து, பத்திரம் எழுதிப் பொதுமக்களுக்கு ஒப்படைத்தார். அது இன்று நாடாளுமன்றச் சட்டத்தின் கீழ் இயங்கும் தேசிய நூலகம். இன்னும் பின்னால் போனால், பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மர்வு நகரில் பத்து வக்ஃப் நூலகங்கள் இருந்ததாக யாகூத் அல்ஹமவி எழுதிவைத்திருக்கிறார். அவர் வெளியூர்க்காரர், அடிமையாக வளர்ந்து விடுதலை பெற்றவர், பிழைப்புக்குப் புத்தக வியாபாரம் பார்த்தவர். அப்படிப்பட்டவருடைய வீட்டில் எந்நேரமும் இருநூறு புத்தகங்கள் இரவலாக இருந்தன. பெரும்பாலானவற்றுக்கு ஈடே வாங்கவில்லை. அந்தப் புத்தகங்களைப் படித்து எடுத்த குறிப்புகளிலிருந்து பிறந்ததுதான் அவருடைய மாபெரும் புவியியல் அகராதி. மங்கோலியப் படை வந்து மர்வை அழித்தது. நூலகங்கள் போயின, அவர் படித்தது நின்றது.

யாருக்கான நூலகம்

இதைக் கொஞ்சம் வெளிப்படையாகப் பேச வேண்டும். நூலகத்தைப் பள்ளிவாசல் காம்பவுண்டுக்குள்ளேயே வைக்கலாம், இடச் செலவு மிச்சம் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் பக்கத்து லைனில் இருக்கும் மாரியம்மன் கோயில் வீட்டுப் பிள்ளையோ, படகர் ஹட்டியிலிருந்து பள்ளிக்கு வரும் மாணவியோ, சர்ச்சுக்குப் போகும் குடும்பமோ அந்தக் கேட்டைத் தாண்டி உள்ளே வரத் தயங்குவார்கள். நாம் தடுக்க மாட்டோம், அவர்களே தயங்குவார்கள். நம் வீட்டுப் பெண்கள்கூடச் சில நேரம் தயங்குவார்கள். ஆகவே அறை பள்ளிவாசலுக்கு வெளியே, சாலையைப் பார்த்த வாசலோடு இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். வேறு இடமே கிடைக்காவிட்டால், குறைந்தபட்சம் தனி வாசலாவது வேண்டும்.

ஊட்டியில் 1859-இல் தொடங்கிய நீலகிரி நூலகம் இருக்கிறது. சிஷோம் வடிவமைத்த கட்டடம், உயர்ந்த ஜன்னல்கள், கிடைத்தற்கரிய பழைய நூல்கள். ஆனால் அது சந்தா கட்டி உறுப்பினர் ஆனவர்களுக்கான நூலகம், அந்தக் காலத்தில் துரைமார்களுக்கு. பொது நூலகம் என்பது வேறு. சந்தா கொடுக்க முடியாதவரும், எந்த மதத்தவரும், எழுதப் படிக்கத் தெரியாமல் பேரனை உட்கார வைத்துப் பத்திரிகை கேட்கிற பாட்டியும் உள்ளே வருவது.

புத்தகங்களும் அதற்கேற்ப இருக்க வேண்டும். மார்க்க நூல்களுக்கு ஒரு ரேக் கட்டாயம் இருக்கட்டும். அதோடு பள்ளிப் பாடநூல்கள், போட்டித் தேர்வு நூல்கள், சிறுவர் கதைகள், தேயிலை, காய்கறி விவசாயம், நர்சிங், ஓட்டுநர் உரிம விதிகள், நாவல்கள். கேரளத்திலிருந்து வந்து குடியேறிய நம் குடும்பங்களுக்கு மலையாளம் கொஞ்சம், உர்தூ கொஞ்சம். பழைய புத்தகம் என்று வீட்டைக் காலி செய்து கொண்டுவந்து கொட்டுவதை எல்லாம் வாங்கிக்கொள்ளக் கூடாது. பத்து வருடப் பழைய வழிகாட்டி நூல் யாருக்கும் வழி காட்டாது. வாங்கும்போதே 'தேவையற்றதை வேறு இடத்துக்குக் கொடுத்துவிடுவோம்' என்று சொல்லி வாங்கினால் மனத்தாங்கல் வராது. ஒரு கம்ப்யூட்டர் இருந்தால், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் ஆயிரக்கணக்கான தமிழ் நூல்களைக் காசில்லாமல் படிக்கலாம், சிக்னல் கிடைக்கிற நாளில்.

இந்த மாதம் செய்ய வேண்டியது

ஒவ்வொரு வீட்டிலும் இரவு உணவுக்குப் பிறகு கால் மணி நேரம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதுங்கள். அத்தா மட்டும் எழுத வேண்டாம். வீட்டில் உள்ள பெண்களிடமும் பிள்ளைகளிடமும் கேட்டு எழுதுங்கள். நம் வீட்டில் யார் யார் நூலகத்துக்கு வருவார்கள், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு? திரும்பும்போது யார் கூட வருவார்? முதலில் எடுக்க நினைக்கும் புத்தகம் எது? மாதம் எவ்வளவு, ஒரு வருடத்துக்குத் தவறாமல், கொடுக்க முடியும்? வாரத்தில் ஒரு மாலை வந்து அறையைத் திறந்து உட்கார யாராவது இருக்கிறார்களா?

கடைசிக் கேள்விக்கு ஏழு வீடுகளிலிருந்து 'ஆம்' என்று வந்தால், வாரம் முழுக்கக் கதவு திறந்திருக்கும், முதல் ஆண்டுச் சம்பளச் செலவிலும் பாதி மிச்சமாகும். தாள்களை அறக்கட்டளை அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். வரைபடம் போட்டுக் கொண்டுவந்த சகோதரரிடமே அவற்றைத் தொகுக்கச் சொல்லியிருக்கிறோம். அவரும் மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார். மாடிப் படத்தை மட்டும் இன்னும் கையிலேயே வைத்திருக்கிறார்.